திங்கட்கிழமைப் பதிவேடு

உவ்ஸ் மாகாணத்திலிருந்து தொலைபேசி வந்தபோது
ஜன்னல் ஓரம் உட்புறமாகவே உறைந்திருந்தது.
வெளியே மைனஸ் முப்பத்தெட்டு.
"அக்கா, நீங்கள் ஆப்பிரிக்காவில் இருந்தவராமே,"
ஆய்வகப் பெண், சின்னக் குரல்.
"ஒரு ரத்தத் துளியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.
சிவப்பணுவுக்குள் மோதிரம் மாதிரி ஒன்று.
புத்தகத்தில் படம் பார்த்ததுதான்.
ஆனால் இந்த மாதத்தில் இங்கே
ஒரு ஈகூட இல்லையே அக்கா."

நோயாளியின் பெயரைக் கேட்டேன்.
கேட்காமல் இருந்திருக்கலாம்.
உல்சீபாத்.
எங்கள் தண்ணீர் லாரியை ஓட்டியவன்.
ஒரு வாரமாய் ஃப்ளூ என்றே வைத்திருந்தார்களாம்.
ஒருநாள் விட்டு ஒருநாள் நடுக்கம்,
ஆட்டுத்தோல் மூன்று போர்த்தியும்
கட்டில் கால் தரையில் தாளம் போட்டிருக்கிறது.
குளிர்நாட்டில் குளிர்காய்ச்சலை
வெறும் குளிர் என்று நினைத்துவிட்டார்கள்.

பென்டியூவில் நான் செவிலிய சார்ஜன்ட்.
திங்கட்கிழமை காலை ஐந்தரைக்குத்
தகரக் கொட்டகை முன் வரிசை.
விழுங்கு. தண்ணீர் குடி. நாக்கை நீட்டு.
நாக்கைத் தூக்கு.
நூற்று நாற்பது நாக்குகள்.
ஓராண்டில் ஒருவர்மேலும் குண்டு படவில்லை.
முப்பத்தொரு பேர் காய்ச்சலில் விழுந்தார்கள்,
சமையற்காரன் உட்படப் பதினாறு பேர் பேதியில்,
ஒருவன் தோள்பட்டையிலிருந்து
உயிருள்ள புழுவை இடுக்கியால் எடுத்தேன்.
அறிக்கையில் இவை பின்னிணைப்பு.

உல்சீபாத்துக்கு அந்த மாத்திரை ஆகாது.
"அதை விழுங்கின இரவெல்லாம்
செத்த குதிரைகள் வந்து பெயர் சொல்லிக் கூப்பிடுகின்றன.
என் சேணம் எங்கே என்கின்றன."
நான் சிரித்தேன்.
ஏழாவது வாரம்
அவன் நாக்கைத் தூக்கச் சொல்லவில்லை.
எட்டாவதும்.
பெயருக்கு நேரே டிக் அடித்தேன்.
நீலப் பேனா.

சலவைக்கூடத்தில் நியாகுவோத் இருந்தாள்.
கொசு மருந்தில் ஊறிய எங்கள் சீருடைகளை
வெறுங்கையால் பிழிவாள்.
முதுகில் மூன்றாவது பிள்ளை.
மூத்தவை இரண்டும் மழைக்காலத்தில் போனவை.
மொழிபெயர்க்கும் கட்லுவாக்கை நிறுத்தி ஒருநாள் கேட்டாள்:
வாரம் ஒன்று தின்றால் உங்களுக்கு வராதா?
வராது என்றேன். அநேகமாக.
எத்தனை வாரம்?
இங்கே இருக்கும்வரை. போன பிறகு நான்கு.
விரல் மடக்கி எண்ணத் தொடங்கினாள்,
பிறகு விரல்களை விட்டுவிட்டாள்.
"நாங்கள் இங்கேயேதான் இருக்கிறோம்."
கட்லுவாக் அதை மொழிபெயர்க்கத் தயங்கினான்.
எனக்குப் புரிந்துவிட்டிருந்தது.

திரும்பிய நாள், விமான நிலையத்தில்,
பதினான்கு நாள் அட்டை ஒன்றை
ஒவ்வொரு கையிலும் திணித்தேன்.
ஈரலில் ஒளிந்து தூங்குவதைக் கொல்வதற்கு.
பாண்டு வாத்தியம் முழங்கியது.
நீலப் பட்டின்மேல் வெள்ளிக் கிண்ணத்தில் பால் ஏந்தி
யாருடைய அம்மாவோ அழுதுகொண்டிருந்தாள்.
"வெறும் வயிற்றில் போடாதீர்கள், பாதியில் விடாதீர்கள்"
கத்தினேன்.
தொப்பிகள் மேலே பறந்தன.
படை முழுதும் நாடு திரும்பியது என்று
அன்றிரவே எழுதிக் கையெழுத்திட்டேன்.

"அக்கா, இருக்கிறீர்களா?"
மலேரியாதான், எழுது.
"எழுதினால் டாக்டர் நம்புவாரா?"
என் பெயரைப் போடு. பதவியையும் போடு.
மருந்து தலைநகரில் இருக்கிறது,
விமானம் வியாழன்தான்,
நானே கொண்டுபோய் ஏற்றிவிடுகிறேன்.
சிறுநீர் கறுத்தால் உடனே கூப்பிடு.
குதிரைகளைப் பற்றி ஏதாவது உளறினால்
காது கொடுத்துக் கேள்.

தொலைபேசியை வைத்துவிட்டு
பாஸ்போர்ட் கிடக்கும் இழுப்பறையைத் திறந்தேன்.
பழைய சில்லறை, ஒரு பித்தளைப் பொத்தான், அந்த அட்டை.
ஐந்து ஓட்டை.
மீதி ஒன்பதும் பளபளப்பாக.

போன செவ்வாய் பல் கிட்டிப் போய்
அறை சூடாகவில்லை என்று
வெந்நீர்க் குழாய் பார்க்க ஆள் கூப்பிட்டிருந்தேன்.
வந்தவன் குழாயைத் தொட்டுப் பார்த்துக்
கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டான்.
கொதிக்கிறதே அம்மா என்றான்.